எழுபத்தைந்து வாட்டுக்குள்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுவதென்று தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்கிற காரியம், கையில் எவ்வளவு பணம் இருக்கிறதென்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தப் பணத்துக்குள் அகப்படக்கூடிய கார்டுகளில் மகா பலசாலி எது என்று யூடியூபில் தேட ஆரம்பிப்பதுதான். போன வருஷம் வாங்கிய பெட்டியாக இருந்தால் அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பத்து வயதைத் தாண்டிவிட்ட ஒரு பெட்டியைப் பொறுத்த வரையில் எந்தக் கார்டு உத்தமமானது என்று கேட்பதைக் காட்டிலும், எந்தக் கார்டை இந்தப் பெட்டி தாங்கும் என்று கேட்பதுதான் கிரமம் என்பது என் அபிப்பிராயம். கேள்வியை அப்படிப் போட்டுக்கொண்டால் கடைக்காரர் அடுக்கிக் காட்டுகிற கார்டுகளில் முக்கால்வாசி தாமாகவே விலகிக்கொள்ளும். மிச்சம் நிற்பவற்றில் ஒன்றைப் பொறுக்குவதற்கு அதிகப் பிரயாசை வேண்டியதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் இருக்கும் பெட்டி 2014-ஆம் ஆண்டில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த ஐ5-4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, டிடிஆர்3 மெமரி. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று கிடையாது, பிராசஸருக்குள்ளேயே அடங்கிய எச்டி 4600 என்பதுதான் இத்தனை காலமும் படம் காட்டி வந்தது. இடையில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டபோது இந்தப் பெட்டிக்கு ஒரு புனர்ஜன்மம் வாய்த்தது. கடிதம் எழுதுவது, பாங்க் கணக்குப் பார்ப்பது, இந்த வலைப்பதிவில் உங்கள் பொறுமையைச் சோதிப்பது ஆகிய என்னுடைய சொந்த உபயோகங்களுக்கு அதுவே தாராளம். 2020 மார்கழியில் கொரோனாவின் புண்ணியத்தால் சபாக் கச்சேரிகளெல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டபோதுகூட, அந்தக் கச்சேரிகளை இந்தப் பெட்டியிலேதான் ஒரு குறையுமின்றிக் கேட்டோம்.

சங்கடம் வந்தது அடையாற்றில் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிற என் தங்கை மகள் மூலமாக. அவர்கள் பள்ளியில் நிகழ்ச்சிகளையெல்லாம் இப்போது செல்போனிலேயே ஃபோர் கே தரத்தில் படமெடுத்துவிடுகிறார்கள். அவற்றை வெட்டி ஒட்டிச் சீராக்கும் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. இவள் என் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒரு தில்லானாவை ஓடவிட்டாள். ஜதி ஒரு பக்கம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்க, ஆடுகிறவள் மட்டும் ஓரடி வைத்துவிட்டு அடுத்த அடிக்கு அந்தரத்திலேயே நின்று யோசித்தாள். பிராசஸரின் ஃபேன் மழைக்காலத்து மின்விசிறிபோல இரைந்தது.

"மாமா, இது வீடியோவா, ஸ்லைடு ஷோவா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயந்தான். ஆனால் அந்தத் தடுமாற்றத்தின் காரணம் பலரும் நினைக்கிறபடி பிராசஸரின் வேகக் குறைவு மாத்திரம் அன்று. வீடியோ என்பது சுருக்கிக் கட்டிய மூட்டை. அதை அவிழ்ப்பதற்கென்றே இக்காலத்துக் கிராபிக்ஸ் சில்லுகளுக்குள் பிரத்யேகமாக ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எச்.264 என்ற பழைய கட்டை எச்டி 4600 அநாயாசமாக அவிழ்க்கும். செல்போன்கள் உபயோகிக்கும் எச்இவிசி, யூடியூபின் விபி9, இப்போது பரவிவரும் ஏவி1 ஆகியவை அதற்குப் பின்னால் வந்தவை, அல்லது அது பிறந்தபோது வழக்கத்துக்கு வராதவை. ஆகவே அந்த வேலை முழுவதும் பிராசஸரின் நான்கு கோர்களின் மேல் வந்து விழுகிறது. எனவே எங்களுக்கு வேண்டியிருந்தது விளையாட்டுக்காரர்கள் சிலாகிக்கிற பிரம்மாண்டமான பலம் அல்ல; புதிய கட்டுகளை அவிழ்க்கத் தெரிந்த, புதிய தலைமுறையைச் சேர்ந்த, சாதாரணமான ஒரு கார்டு. இந்தத் தெளிவு முதலிலேயே இருந்தால் பணமும் மிச்சம், மனக்கிலேசமும் மிச்சம்.

இனி மதர்போர்டின் சங்கதி. கார்டைச் செருகுகிற நீண்ட ஸ்லாட்டைப் பார்த்தால் எல்லாப் போர்டிலும் ஒரே மாதிரிதான் தோன்றும்; 2006-இல் வந்த போர்டின் ஸ்லாட்டிலும் இன்றைய கார்டு போய் உட்காரும். ஆனால் உள்ளே ஓடுகிற பாதையின் வேகம் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்து வந்திருக்கிறது. எச்81 என்பது அக்காலத்தில் இன்டெல் விற்ற மலிவுச் சிப்செட். பிராசஸருக்கு மூன்றாம் தலைமுறைப் பாதை தெரிந்திருந்தும், இந்தப் போர்டில் அது இரண்டாம் தலைமுறைக்குக் கட்டுப்பட்டுவிடும். அதாவது அந்தப் பாதையிலுள்ள ஒரு தடத்துக்கு, ஒரு லேனுக்கு, விநாடிக்குச் சுமார் 500 மெகாபைட். பதினாறு லேனுக்கும் சேர்த்து 8 கிகாபைட். இதை எதற்காகச் சொல்லுகிறேன் என்றால், மலிவு விலையில் வருகிற சில புதிய கார்டுகள் பதினாறு லேனையும் உபயோகிப்பதே இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் 2022-இல் வந்தவை. ஸ்லாட்டை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் நாலே லேனில்தான் பேசும். நான்காம் தலைமுறைப் பாதையுள்ள போர்டில் அந்த நாலே போதுமானது, விநாடிக்கு 8 கிகாபைட் கிடைத்துவிடும். என் போர்டில் அதே நாலு லேன் 2 கிகாபைட்டாகச் சுருங்கிவிடும். கார்டின் சொந்த மெமரி நிரம்பாத வரையில் இது உறைக்காது. நிரம்பி வழிந்து, பெட்டியின் மெமரியிலிருந்து கடன் வாங்க ஆரம்பித்தவுடன் அந்தக் குறுகலான பாதையில் எல்லாம் நெரிந்து நிற்கும். போதாக்குறைக்கு அந்த இரண்டு கார்டுகளிலும் வீடியோவைச் சுருக்கிக் கட்டும் பகுதியையே வைக்காமல் விட்டுவிட்டார்கள், ஏவி1-ஐ அவிழ்க்கவும் தெரியாது. எங்கள் காரியத்துக்கு அவை சல்லிக் காசு பெறாது.

இன்டெல்லின் ஆர்க் ஏ380 என் மனசை நிரம்பவே சபலப்படுத்தியது. ஆறு கிகாபைட் மெமரி, ஏவி1-ஐ அவிழ்க்கவும் தெரியும் கட்டவும் தெரியும், விலையும் மிதம். ஆனால் அது முழுப் பலத்தோடு ஓட ரீசைஸபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தாக வேண்டும். பழைய வழக்கத்தில் பிராசஸர், கார்டின் மெமரியை 256 மெகாபைட் அகலமுள்ள ஒரு ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்க்கும். இந்த வசதி இருந்தால் கதவையே திறந்துவிட்ட மாதிரி முழு மெமரியும் தெரியும். ஆர்க் கார்டுகளை அந்தத் திறந்த கதவை நம்பியே வடிவமைத்திருக்கிறார்கள். பத்தாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர்களுக்கு இன்டெல்லே அதைச் சிபாரிசு செய்வதில்லை. ஆசையை அடக்கிக்கொண்டேன்.

மிஞ்சியவை என்விடியாவின் இரண்டு கார்டுகள். ஒன்று 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650. பதினாறு லேனையும் உபயோகிக்கிற உத்தமமான பழைய ஜாதி, ஆனால் ஏவி1 தெரியாது. மற்றொன்று 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் ஆறு கிகாபைட் மாடல். எட்டு லேன், 70 வாட், ஏவி1-ஐ அவிழ்க்கத் தெரியும், பெரும்பாலான கம்பெனிகளின் மாடல்களில் தனி மின்சார ஒயர் செருகவேண்டியதில்லை. இதே பெயரில் எட்டு கிகாபைட் கார்டு ஒன்றும் உண்டு. பெயர் ஒற்றுமையை நம்பி அதை வாங்கி வந்தால், அது கேட்கிற 130 வாட்டுக்கு ஒயர் தேடவேண்டி வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவானை நான் மன்னிப்பதாக இல்லை.

இந்தத் தேர்வுக்கெல்லாம் ஆதாரமாக இருந்தது 75 வாட் என்ற எண். ஸ்லாட் வழியாகவே ஒரு கார்டு இழுத்துக்கொள்ளக்கூடிய மின்சாரத்துக்கு அதுதான் எல்லை. அதிலும் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், பாக்கி 3.3 வோல்ட்டில். அதற்கு மேல் வேண்டுமானால், பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஆறு பின் ஒயர் வந்தால் இன்னொரு 75, எட்டுப் பின் என்றால் 150. அந்தக் காலத்தில் பெட்டியோடு இனாம்போலச் சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த ஒயர்கள் இருப்பதில்லை. இல்லாத இடத்தில் ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து பின் மாற்றித் தருகிற ஐம்பது ரூபாய்ச் சாமானைப் போட்டுக் காரியத்தை நடத்திவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு; அந்த யோசனை சொல்பவர் வீட்டில் புகை வரப்போவதில்லை.

திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரந்தான். 1734-இல் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டையின் பக்கத்தில், அண்ணாசாலைக்கும் வாலர்ஸ் ரோட்டுக்கும் இடையே, நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் பின்னிக்கொண்டிருக்கிற அந்தச் சந்துகளை டில்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியான எலெக்ட்ரானிக் சந்தை என்று பெருமையாகச் சொல்வார்கள். ரேடியோ உதிரிபாகங்கள் விற்ற காலத்திலிருந்து தெருவின் சுபாவம் மாறவில்லை: நடைபாதையில் ரிமோட்டும் சார்ஜரும், மாடிப்படிக்கு அடியில் நாலடி அகலத்தில் சர்வீஸ் கடை, தோளில் மானிட்டரைச் சுமந்துகொண்டு "சார், வழி, வழி" என்று ஓடுகிற பையன்கள். பெரிய கண்ணாடிக் கடைகளைவிட, கவுண்டருக்குப் பின்னால் சால்டரிங் புகை வருகிற கடையைத்தான் நான் எப்போதும் நம்புவது.

நான் போன கடையின் சொந்தக்காரருக்கு நடுவயது. ஆறு கிகாபைட் 3050 என்று மாடலின் பெயரைச் சொன்னவுடன் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"கார்டு எங்க ஓடிடப் போவுது சார்? மொதல்ல உள்ள என்ன எஸ்எம்பிஎஸ் இருக்கு, போட்டோ வெச்சிருக்கீங்களா?"

காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நானூத்தம்பதுன்னு பெருசா போட்டிருக்கான் பாருங்க. அது சும்மா. கீழ பொடி எழுத்துல பன்னெண்டு வோல்ட்டுக்கு பதினாலு ஆம்பியர். பெருக்கிப் பாருங்க."

பெருக்கினால் 168 வாட். பிராசஸருக்கு இன்டெல் குறித்திருக்கிற கணக்கு 84, கார்டுக்கு 70. இரண்டும் சேர்ந்து 154. டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் தங்கள் பங்கைக் கேட்டால் எல்லையைத் தொட்டுவிடும், அதுவும் அந்தப் பொடி எழுத்து சத்தியம் பேசுகிறது என்று வைத்துக்கொண்டால். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற கெபாசிட்டர்களின் ஆயுள் சூடு 10 டிகிரி ஏற ஏறப் பாதியாகக் குறையும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கையாளுகிற பொது விதி. பழைய கேபினெட்டுகளில் எஸ்எம்பிஎஸ் மேல்புறம் இருப்பதால் பிராசஸரின் சூட்டையெல்லாம் அதுதான் விழுங்கி வெளியே தள்ளுகிறது. பதினோரு சென்னைக் கோடைகளை அப்படிக் கழித்த ஒரு பொருளிடம் புதிதாக 70 வாட் கேட்பது தர்மமாகாது. ஆகவே கார்டு வாங்கப் போன இடத்தில் முதலில் வாங்கியது 80 பிளஸ் முத்திரை போட்ட 450 வாட் எஸ்எம்பிஎஸ். வீட்டிலிருக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரை தாங்கும் என்பதால் அதை மாற்ற அவசியப்படவில்லை. இதையும் முன்கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கரண்டு போகிற சமயத்தில் யூபிஎஸ் கைவிட்டால் எஸ்எஸ்டிக்கு நல்லதல்ல.

"பில்லு போட்டா பதினெட்டு பர்சன்ட் ஜிஎஸ்டி சார்" என்று அவர் சொல்லத் தவறவில்லை. போடச் சொன்னேன். மூன்று வருஷ வாரண்டி உள்ள பொருளை பில் இல்லாமல் வாங்குகிறவர்களின் தைரியம் எனக்கு வராது.

பக்கத்துக் கடைகளில் செகண்ட்ஸ் கார்டுகள் ஏராளம். 2021-இல் கார்டுக்குத் தலைகீழாக நின்றாலும் கிடைக்காத பஞ்சம் இருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஈத்தரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை வெட்டியெடுப்பதற்காக உலகமெங்கும் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. வெட்டுகிற தொழிலே அன்றோடு அஸ்தமித்து, அத்தனை கார்டுகளும் சந்தைக்கு வந்து இறங்கின. அவற்றில் நல்லவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரவு பகலாக மாதக்கணக்கில் ஓடிய கார்டில் ஃபேனைக் கையால் சுழற்றினால் லேசாக ஆட்டம் கொடுக்கும். மெமரியின் மேல் ஒட்டியிருக்கிற பட்டையிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து போர்டின் ஓரத்தில் பளபளக்கும். திருகுகளின் தலை தேய்ந்திருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபோது கோட்டூர்புரத்தில் என் நண்பர் ஒருவருடைய பெட்டி முழுகிப்போயிற்று. காயவைத்துப் பார்த்தபோது சில்லுகளின் கால்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அந்தப் பூப்பு எந்தக் கார்டில் தென்பட்டாலும் கீழே வைத்துவிடுவது உசிதம். போலிகளும் உண்டு: மிகப் பழைய சில்லின் மேல் வேறு பெயரை எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கிற தந்திரம் உலகப் பிரசித்தம். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டச் சொன்னால், போலியாக இருக்கும் பட்சத்தில் பெயருக்கு முன்னாலேயே அது போலி என்று போட்டுக் காட்டிவிடும்.

அசல் 1050 டிஐ-யாக இருந்தாலும் இப்போது வாங்குவது லாபமில்லை. 2016-இல் வந்த அந்தப் பாஸ்கல் குடும்பத்துக்கு முறையான டிரைவர் புதுப்பித்தலை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது; 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மாத்திரம் வரும்.

பொருத்துகிற வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை அதிக தூரமில்லை. சாயங்காலக் காற்று சுகந்தான், ஆனால் அதிலுள்ள உப்பும் ஈரமும் செய்கிற வேலை கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் தெரியும். திருகுகளில் துரு; மெமரிப் பட்டைகளின் தங்க முலாம் பூசிய விளிம்பில் மங்கல். சர்வீஸ் பையன்கள் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். தேய்த்தவுடன் பெட்டி உயிர்பெற்று எழுவதும் உண்மைதான். ஆயினும் ரப்பர் அந்த மெல்லிய முலாமையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பதால், பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதையே நான் விரும்புகிறேன். ஸ்லாட்டுக்குள் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினோம். கேபினெட்டின் பின்பக்கத்தில் இரண்டு தகடுகளைக் கழற்றி, கார்டை நேராகப் பிடித்து இரண்டு முனையிலும் சமமாக அழுத்த, ஸ்லாட்டின் கடைசியிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி டிக் என்று மேலே வந்து பூட்டிக்கொண்டது. அந்தச் சப்தம் கேட்கும் வரை விடக்கூடாது. மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பாட்டரியையும் கையோடு மாற்றினோம்; பழைய பாட்டரி செத்துப்போன போர்டு தேதியை மறப்பதோடு, முதல் திரை எது என்று நாம் பயாஸில் சொல்லிவைத்ததையும் மறந்துவிடும்.

மானிட்டர் ஒரு தனித் தலைவலி. பாஸ்கல் காலத்திலிருந்தே என்விடியா கார்டுகளில் பழைய விஜிஏ சிக்னல் கிடையாது. நீலநிறப் பின்னும் இரண்டு பக்கத் திருகும் உள்ள ஒயரோடு வந்த மானிட்டர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், எச்டிஎம்ஐ-யை விஜிஏ-யாக மாற்றுகிற கன்வர்ட்டர் ஒன்று வாங்கியாகவேண்டும். எங்கள் மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தது, பிழைத்தோம்.

தில்லானா இப்போது தங்குதடையின்றி ஓடுகிறது. அதே வேளையில் பிராசஸரின் உழைப்பைக் காட்டுகிற கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஃபேன் இருப்பதே தெரியவில்லை. வெட்டி ஒட்டிய வீடியோவைக் கடைசியாக ஒரே ஃபைலாகக் கட்டுவதற்கு முன்பெல்லாம் அவள் பள்ளிக்குப் போய்த் திரும்பும் நேரம் பிடிக்கும்; இப்போது காப்பி ஆறுவதற்குள் முடிகிறது. ஆனால் எல்லாமே இப்படி மாறிவிட்டது என்று எண்ணவேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் கார் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், கார்டு பாதி சும்மாதான் இருக்கு, பிராசஸர்தான் மூச்சு வாங்குது" என்று தீர்ப்புச் சொன்னான். அது மெய். இதைவிட இரண்டு மடங்கு பலமுள்ள கார்டைப் போட்டிருந்தாலும் நான்கு கோர் பிராசஸர் கொடுக்கிற வேலையைத்தான் அது செய்திருக்கும். எஞ்சிய பலத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் கேபினெட்டுக்குள் சூடாக உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸ் விஷயமும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமாக யாரையும் வாசலில் சேர்ப்பதில்லை. எத்தனை புதிய கார்டைப் போட்டாலும் அந்த விதி தளராது. நான் உபுண்டு லினக்ஸுக்கு மாறிக்கொண்டேன். தங்கை மகள் கேடென்லைவ் என்ற மென்பொருளில் வெட்டி ஒட்டுகிறாள். உங்கள் பெட்டியில் விண்டோஸ் இருந்தே ஆகவேண்டும் என்றால், கார்டுக்குச் செலவழிப்பதற்கு முன்பு இதை யோசித்துவிடுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் குப்பையில் போடாமல் இ-வேஸ்ட் எடுக்கிறவர்களிடம் கொடுத்தாயிற்று. நீங்களும் இதே உத்தேசத்தோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதானால், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் போட்டோ, மதர்போர்டின் மாடல் பெயர், ஸ்லாட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை உள்ள நீளம் சென்டிமீட்டரில், மானிட்டரின் பின்புறத்துப் போட்டோ ஆகியவற்றைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டிகளை வாங்கியவர்களாக இருந்தால் கேபினெட்டின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்; மெலிந்த பெட்டிக்கு அரை உயரக் கார்டுதான் நுழையும், அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் தனி வடிவமாகையால் தெருவில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. காலை பதினொன்றுக்கு மேல் போனால் எல்லாக் கடையும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும்.